பூவாத்தாள் வீட்டு வாசலில் தண்ணி லாரி

ஆறுமுகசாமியின் தண்ணி லாரி பத்தாவது நாளாகவும் பூவாத்தாள் வீட்டு வாசலில் நின்றுபோனது என்கிற சேதி, லாரி வீடு திரும்புவதற்கு முன்பே அவர் மனைவி கலாமணிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூன்று மணிப் பாலை ஊற்றுவதற்காகச் சொசைட்டி வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் நின்றவள் கேனைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏனுங்க்கா, உங்க வண்டிக்கு அந்த ஊட்டு வாசல் நல்லாப் பழகிருச்சாட்ட இருக்குதுங்களே."

"பழகட்டும் கண்ணு. எங்கூட்டு மாடுகூடத்தான் கண்ட எடத்துல நின்னுக்கும். ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கலாமணியும் சிரித்தாள். பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, வெறும் கேனின் மூடியை மூன்று தடவை இறுக்கி மூடினாள்.

வேலஞ்சள்ளை எருத்தேன்பதிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர். கேரளா என்றால் மழை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். வேலஞ்சள்ளைக்காரர்களுக்குக் கேரளா ரேஷன் கார்டில் இருந்ததே தவிர மழையில் இல்லை. சித்திரை பிறந்தால் மலைப் பக்கம் மேகம் குவிந்து நிற்கும், சாயங்காலம் கலைந்து போய்விடும். தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கும். வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் தேங்காய் லோடு குறைவு என்பதால் ஆறுமுகசாமி தன் பழைய லாரியில் தொட்டியை ஏற்றி, பஞ்சாயத்துக்காகக் குடிதண்ணீர் ஓட்டுவார். நாளைக்கு மூன்று நடை. தோப்புக் குழல் கிணற்றில் தண்ணீர் பிடித்து, பிள்ளையார் கோவில் முன்னால் ஒரு நிறுத்தம், கள்ளுக்கடை முக்கில் ஒன்று, பள்ளிக்கூடத்தடியில் ஒன்று.

பிள்ளையார் கோவிலுக்கும் கள்ளுக்கடை முக்குக்கும் நடுவில் ஒரு வளைவு. வளைவில் நாலு வீடு. மூன்றாவது வீடு பூவாத்தாளுடையது. தினமும் முதல் நடையில், சொல்லிவைத்தாற்போல, லாரி அந்த வளைவுக்கு வந்ததும் இழுவை விட்டு, திக்கித் திக்கி, அந்த மூன்றாவது வீட்டு வாசலில் செத்துப்போகும். அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினால் உயிர் வரும். அப்புறம் இரண்டு நடையும் ஒரு குறையில்லாமல் ஓடும்.

வேறு எந்த வீட்டு வாசலாக இருந்தாலும் ஊர் இதை வண்டிக் கோளாறு என்று விட்டிருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஆறுமுகசாமி முதன்முதலாகப் பெண் பார்க்கப் போனது இதே பூவாத்தாளைத்தான். லாரிக்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அடுத்த ஆவணியில் ஆறுமுகசாமிக்கும் கலாமணிக்கும் கல்யாணமானது. பூவாத்தாளைக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையிலிருந்தவருக்குக் கொடுத்து, அவள் இந்த வளைவு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எல்லாரும் மறந்துபோயிருந்த கதை. லாரி நின்று நின்று அதைக் கிளப்பிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மகள் மோனிஷா போனை மறைத்தாள்.

"காட்டு," என்றாள் கலாமணி.

'குடிவெள்ளம் வார்டு ஏழு' என்று மலையாளத்தில் பேர் வைத்த வாட்ஸ்அப் குழு. எத்தனை மணிக்குக் குடிதண்ணீர் வரும் என்று கேட்பதற்காக வார்டு மெம்பர் சந்துரு ஆரம்பித்தது. அதில் லாரியின் படம். பின்னால் பூவாத்தாள் வீட்டு இரும்பு கேட். 'இன்றும் தரிசனம்' என்று எழுதி யாரோ ஒரு மாலைப் படத்தையும் ஒட்டியிருந்தார்கள். கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

"எங்க கிளாஸ் பசங்களுக்கும் வந்துருச்சும்மா," என்றாள் மோனிஷா.

கலாமணி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போனாள்.

வெயில் தாழ்ந்து லாரி வந்தது. பின்னாலேயே பைக்கில் சிஜு வந்தான். கொழிஞ்சாம்பாறை மெக்கானிக். மலையாளத்துக்காரன், இந்தப் பக்கத்து லாரிகளோடு பழகிப் பழகித் தமிழும் ஒருமாதிரி அவனுக்கு வந்துவிட்டது. பத்து நாளில் ஆறு தடவை வந்துவிட்டான். பங்குனிக் கடைசியில் லாரியில் டீசல் திருட்டுப் போயிருந்தது. திருடினவர்கள் தொட்டியில் மண்ணைப் போட்டிருப்பார்கள் என்று முதலில் டீசல் தொட்டியைக் கழற்றிக் கழுவினான். அப்புறம் பில்டர் இரண்டையும் மாற்றினான். அப்புறம் ஃபீட் பம்பு. அப்புறம் டீசல் வருகிற ஓஸ், அதன் முனையிலிருக்கிற வாஷர்கள். ஒவ்வொன்றை மாற்றியபோதும் வண்டி சாயங்காலம் அருமையாக ஓடியது. காலையில் வளைவில் நின்றது.

"ஆறுமுகேட்டா, நான் ஒரு காரியம் பறயட்டே," என்றான் சிஜு, லாரிக்கு அடியிலிருந்து. "இஞ்சினுக்கு ஒரு கொழப்பமுமில்ல. இவிட ஸ்டார்ட் ஆக்கினா சிங்கம் மாதிரி நிக்கிது. அவிட போனாத்தான் பிரஸ்னம்."

"அவிடனா எவிட?" என்று கேட்டாள் கலாமணி, தட்டுக் கட்டோடு வந்து நின்று.

சிஜு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. ஆறுமுகசாமி ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். துடைத்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார்.

"மெம்பர் போன் பண்ணுனாரு," என்றார் மெதுவாக. "இன்னும் ரெண்டு நாள் பாப்பாங்களாம். இப்பிடியே நின்னா வேற வண்டிய விட்டுருவாங்களாம்."

"விடட்டும்."

"அப்பிடிச் சொன்னா எப்பிடி கலா? நானென்ன வேணும்னேவா நிறுத்தறேன்?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே."

அதுதான் ஆறுமுகசாமிக்குப் பயமாக இருந்தது. கலாமணி சத்தம் போடுகிறவள். உப்பு கூடினால் சத்தம் போடுவாள், செருப்பை வாசலில் மாற்றிப் போட்டால் சத்தம் போடுவாள். பத்து நாளாக அவள் இந்த விஷயத்தில் சத்தமே போடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அரிசிம்பருப்புச் சோறு போட்டாள், நெய் விட்டாள், ஊறுகாய் வைத்தாள். அவர் இரண்டு கவளம் சாப்பிட்டதும் சொன்னாள்.

"காத்தால நானும் வண்டீல வர்றனுங்க."

"நீயா? எதுக்கு?"

"வண்டி எப்பிடி நிக்குதுன்னு பாக்கறதுக்கு. எங்கப்பன் ஊட்டுக் கெணத்து ஆயில் இஞ்சின ஆரு ஓட்டுனாங்கன்னு நெனச்சீங்க? பன்னெண்டு வயசுல இருந்து நாந்தான். டீசல் குழாய்ல காத்துப் பூந்து ஏர் புடிச்சா எடுக்கத் தெரியும், வால்வு சத்தம் கேட்டாச் சொல்லத் தெரியும்."

"அதுக்கில்ல புள்ள. அங்க கூட்டம் நிக்கும். நீயும் வந்து எறங்குனா இன்னும் பேசுவாங்க."

"பேசட்டுமுங்க. நேரா என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்."

விடிகாலையில் மாடு கறந்து, பாலை மோனிஷாவிடம் ஒப்படைத்துவிட்டு, கலாமணி கேபினில் ஏறி உட்கார்ந்தாள். எல்லை தாண்டினால் டீசல் விலை குறைவு. ஆறுமுகசாமி தினமும் அங்கே போய்க் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வருவார். பங்கில் டீசல் மூடியின் சாவியைக் கொடுத்தார், நிரப்பினார்கள், பூட்டினார்கள். தோப்புக்குப் போய் இஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். முக்கால் மணி நேரம். தென்னையடியில் இரண்டு பேரும் தூக்குப்போசியிலிருந்து காபி குடித்தார்கள். தொட்டி நிறைந்து, லாரி கனத்து, மண் பாதையில் மெல்ல ஆடிக்கொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் கேட்டாள்.

"அவிய ஊட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனீங்களே, அன்னைக்கு என்ன குடுத்தாங்க?"

ஆறுமுகசாமி கியரை மாற்றினார். "இருவது வருசமாச்சு. காபி குடுத்தாங்க."

"காபி எப்பிடி இருந்துச்சு?"

"சக்கரை தூக்கலா இருந்துச்சு."

"ஓ. அது நெனப்பிருக்குது."

அப்புறம் பிள்ளையார் கோவில் வரும்வரை ஆறுமுகசாமி வாயைத் திறக்கவில்லை. சாலையில் ஒரு பள்ளம் வந்தபோது மட்டும், "புடிச்சுக்க," என்றார்.

கோவில் முன்னால் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. நீலம், பச்சை, ஆரஞ்சு. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று அவர் இஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தார். கலாமணி இறங்கி ஓஸைப் பிடித்தாள். ஆளுக்கு ஆறு குடம். பெண்கள் அவளைப் பார்த்துக் கண்ணால் பேசிக்கொண்டார்கள். அவள் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே சீரான சத்தம். புகையும் சரியாக இருந்தது.

வளைவுக்கு நூறடி முன்னால் அது மாறியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி பின்வாங்கியது. நிறையக் குடிக்கப் பார்த்துத் தொண்டையில் இறங்காதது மாதிரி ஒரு திணறல். இது ஏர் பிடித்த சத்தமில்லை என்று கலாமணிக்குத் தோன்றியது. ஏர் பிடித்தால் இஞ்சின் தும்மும், குதிக்கும். இது குதிக்கவில்லை. பசியில் வாடுகிற மாதிரி வாடி, முதல் வீட்டைத் தாண்டி, இரண்டாவது வீட்டைத் தாண்டி, மூன்றாவது வீட்டு கேட்டுக்கு நேராக அடங்கியது.

ஆறுமுகசாமி ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்தார். "கண்ணாரப் பாத்தீல்ல? நான் பிரேக்கே மிதிக்கல."

"பாத்தனுங்க. எறங்குங்க. தெனமும் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க."

"தெனமும் மொதல்ல டீசல் இருக்குதான்னு மூடியத் தொறந்து குச்சிய விட்டுப் பாப்பேன். அப்பறம் கைப் பம்ப அடிச்சு ஏர் எடுப்பேன். அப்பறம் கெளம்பும்."

கோவில் வரிசையில் தண்ணீர் கிடைக்காதவர்களும் வேலையில்லாதவர்களும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆறுமுகசாமி மூடிச் சாவியோடு டீசல் தொட்டியருகே போனார். அவர் நடையைப் பார்த்ததும் கலாமணிக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. கேட் பக்கம் கண் போய்விடக் கூடாது என்று கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே நடந்தார். கையால் தடவிச் சாவித் துவாரத்தைத் தேடினார். பத்து நாளும் இப்படித்தான் திறந்திருப்பார் போலிருக்கிறது. தொட்டியையே பார்த்திருக்க மாட்டார்.

"இங்க குடுங்க," என்று சாவியை வாங்கினாள்.

சாவி திரும்பியது. மூடி வரவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் திருகினாள். உஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சுச் சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. மூடியின் விளிம்பில் வைத்திருந்த விரலை அது இழுத்தது.

கலாமணி மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பளபளவென்று புதுசு. ஒரு ஊசி நுழைகிற அளவுக்குக்கூட ஓட்டை இல்லை.

"கைப் பம்பத் தொடாதீங்க. போய்ச் சாவியத் திருப்புங்க."

"ஏர் எடுக்காம எப்பிடிக் கெளம்பும்?"

"திருப்புங்கன்னா."

அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் நாலைந்து சுற்றுச் சுற்றியது. இஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஆறுமுகசாமி கேபினிலிருந்து தலையை நீட்டி, மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்தப் பூட்டு மூடி போட்டு எத்தன நாளாச்சுங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "டீசல் திருட்டுப் போன மக்காநாள் நீதான் வாங்கியாந்த. பன்னெண்டு நாளாச்சு."

"வண்டி நிக்க ஆரம்பிச்சு?"

"பதினொண்ணு." சொல்லிவிட்டு அவரே யோசித்தார். "அப்பிடின்னா?"

"எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெய் எறங்குமுங்களா? காத்துப் போறதுக்கு இன்னொண்ணு போடோணுமில்ல? இதுல காத்துப் போக வழியே இல்ல. நீங்க கழுத்து முட்ட ஊத்திப் பூட்டீர்ரீங்க. இஞ்சின் உறிஞ்சற வரைக்கும் உறிஞ்சுது, அப்பறம் முடியல. கோயில்ல இருந்து இந்த வளைவு வர்றதுக்குத்தான் அதுக்குச் சரியா இருக்குது. பொறகு நீங்க மூடியத் தொறக்கறீங்க, காத்துப் போயிருது, உள்ள போன காத்துலயே மத்த ரெண்டு நடையும் ஓடீருது. கைப் பம்புனால ஓடுதுன்னு நெனச்சுக்கறீங்க."

ஆறுமுகசாமி இறங்கி வந்து மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பழைய மூடியில் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததும், தூசி போகிறதென்று ஒருகாலத்தில் அதைத் திட்டியதும் அவருக்கு நினைவு வந்தது.

"நான் வாங்குன மூடிதானுங்க," என்றாள் கலாமணி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கடைக்காரர்கிட்ட இருக்கறதுல எது பெருசுன்னு கேட்டு நாந்தான் வாங்கினேன். படம் புடிக்கறவங்க இதையும் புடிச்சுப் போடுங்க."

போன் கீழே இறங்கியது. ஆட்கள் குடங்களைத் தேடிக்கொண்டு கலைந்தார்கள். ஆறுமுகசாமி டீசல் தொட்டியின் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கலாமணி அந்த டிரம்மைப் பார்த்தாள். பூவாத்தாள் வீட்டு வேலியோரம் ஒரு நீல டிரம், கவிழ்ந்து கிடந்தது. வேப்பஞ்சருகு அதன்மேல் குவிந்திருந்தது. தண்ணீர் லாரி வருகிற பாதையில் இந்தச் சித்திரையில் கவிழ்ந்து கிடந்த டிரம் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டாள். "இவிய தண்ணி புடிக்கறதில்லீங்களா?"

"எங்கீங்க்கா. வண்டி நின்ன மூணா நாளே உட்டுட்டா. மொபெட்ல ரெண்டு கொடத்தக் கட்டீட்டு தோட்டத்துக் கெணத்துக்குப் போறா. போக வர நாலு மைலு. நாங்க புடிச்சுத் தர்றம்னாலும் வேண்டாங்கறா."

கலாமணி கேட்டைத் திறந்தாள். "ஏய் கலா," என்று பின்னால் ஆறுமுகசாமி பதறியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பூவாத்தாள் உள்ளே தரையில் சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். ஒல்லியான ஆள். நெற்றியில் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. கலாமணியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க. உக்காருங்க." பலகையை நகர்த்திப் போட்டாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

கலாமணி வாங்கிக் குடித்தாள். கிணற்றுத் தண்ணீர், லேசாக உப்பு. பாதி குடித்த பிறகுதான் அது நாலு மைல் போய் வந்த தண்ணீர் என்று உறைத்தது. மீதியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. கடைசியில் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

"வண்டிக்கு என்னன்னு தெரிஞ்சுதுங்களா?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"தெரிஞ்சுதுங்க. டீசல் டேங்க் மூடி. காத்து ஓட்டை இல்ல. நாந்தான் வாங்கியாந்து போட்டேன்."

பூவாத்தாள் அவளையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. "நீங்களேவா," என்றாள். "உங்க கையாலயேவா."

"என்ற கையாலயேதானுங்க." கலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் பூவாத்தாள் உட்கார்ந்து மறுபடி புளியை எடுத்தாள்.

"உங்க ஊட்டுக்காரர் மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்லீங்க. அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே என்னைய நிமுந்து பாக்கல. காபி டம்ளரத்தான் பாத்துட்டிருந்தாரு. அதுல என்னமோ எழுதி வெச்சிருந்தாப்பல."

"அதாங்க, சக்கரை மட்டும் நெனப்பிருக்குது அவருக்கு."

"கைநடுக்கத்துல ரெண்டு தடவ போட்டுட்டனுங்க." பூவாத்தாள் ஒரு கொட்டையைத் தட்டி எடுத்தாள். "எங்கூட்டுக்காரர் கஞ்சிக்கோட்டுலயே தங்கீருவாரு, சனிக்கெழமதான் வருவாரு. அந்தப் படத்த அவருக்கும் ஆரோ அனுப்பீட்டாங்க. திட்டலீங்க. வண்டி வர்ற நேரத்துக்கு நீ உள்ள இருந்துக்கோன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு ரெண்டு திட்டுத் திட்டியிருந்தாத் தேவலாமுங்க."

பத்து நாளாகத் தன் வீட்டில் தான் சத்தம் போடாமல் இருந்தது கலாமணிக்கு ஞாபகம் வந்தது. சொசைட்டி வரிசையில் தானும் சேர்ந்து சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பு இங்கே வந்து இந்த டிரம்மைக் கவிழ்த்திருக்கிறது.

"டிரம்மை நிமுத்துங்க. இப்பவே ஊத்தச் சொல்றேன்."

"இன்னைக்கு வேண்டாமுங்க." பூவாத்தாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "இன்னைக்குப் புடிச்சா, இதுக்குத்தான் வண்டி நின்னுதும்பாங்க. மொதல்ல உங்க வண்டி ஒரு நாலு நாளைக்கு இந்த வாசலத் தாண்டி ஓடட்டும். அப்பறம் பாக்கலாம்."

அன்று சாயங்காலம் சிஜு மூடியின் நடுவில் மெல்லிய துரப்பணம் வைத்து ஒரு ஓட்டை போட்டான். போட்டு முடித்து, அதன் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"எல்லாம் மாத்தினேன் சேச்சி. இது மட்டும் மாத்தல. புதுசல்லே, இதுல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்." அவனுக்கு நிஜமாகவே மானம் போயிருந்தது. டீ குடிக்காமல் கிளம்பப் பார்த்தவனைக் கலாமணி உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்பினாள்.

மறுநாள் லாரி வளைவில் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. குழுவில் சந்துரு ஒரு கும்பிடு போட்டார். ஆறுமுகசாமிக்குப் பத்து வயது குறைந்த மாதிரி ஆயிற்று. சாயங்காலம் மாட்டுக்குத் தானே தவிடு கலக்கினார். செருப்பை வாசலில் மாற்றிப் போட்டதற்குக் கலாமணி சத்தம் போட்டபோது, அதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக நின்றார்.

"இப்ப அந்த வளைவுல எப்பிடிப் போறேன் தெரியுமா? மூணாவது கியர்ல, ஒரே மிதி," என்றார் நாலாம் நாள் சாப்பிடும்போது.

"அப்ப அந்த நாலு ஊட்டுக்கும் தண்ணி?"

"கோயிலுக்கோ முக்குக்கோ வந்து புடிச்சுக்குவாங்க. முன்னயும் அப்பிடித்தானே."

"எல்லாரும் வர்றாங்களா?"

ஆறுமுகசாமி சோற்றைப் பிசைந்தார். "எல்லாருமில்ல," என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் கலாமணி மறுபடியும் கேபினில் ஏறினாள். அவர் ஏனென்று கேட்கவில்லை. கோவிலடியில் தண்ணீர் கொடுத்து முடித்துக் கிளம்பினார்கள். வளைவு வந்தது. ஆறுமுகசாமி மூன்றாவது கியருக்குப் போய், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, கண்ணைச் சாலையைவிட்டு எடுக்காமல் மிதித்தார்.

"நிறுத்துங்க."

"எங்க?"

"இங்கதான். மூணாவது ஊட்டுல."

"என்ன கலா நீ. இப்பத்தான் ஊரு வாய மூடியிருக்குது."

"நிறுத்துங்க. வண்டியா நின்னது பதினோரு நாளு. இன்னைக்கு நாஞ்சொல்லி நிக்கட்டும்."

லாரி நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் வாசல் கூட்டுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். எதிரே மொபெட்டில் வந்த இரண்டு பேர் வேகத்தைக் குறைத்தார்கள். கலாமணி இறங்கி வேலியோரம் போனாள். டிரம்மின் மேலிருந்த சருகைத் தட்டிவிட்டு நிமிர்த்தினாள். உள்ளே பல்லி ஒன்று ஓடியது. ஓஸை இழுத்து ஒரு வாளித் தண்ணீர் விட்டு, கையை விட்டுத் தேய்த்துக் கழுவி, சாய்த்துக் கொட்டினாள். கேட் திறந்தது. பூவாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். சாலையில் நின்றவர்களைப் பார்த்தாள், கேபினைப் பார்க்கவில்லை. டிரம்மின் மறுபக்கம் நின்று ஓஸின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியும் கதவும் அதோடு சேர்ந்து அதிர்ந்தன. பூவாத்தாள் என்னமோ கேட்டாள்.

"என்னுங்க?"

மறுபடி கேட்டாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

கலாமணி கேபினைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "ஏனுங்க, ஆஃப் பண்ணுங்க. ஒண்ணுங் கேக்க மாட்டீங்குது."

ஆறுமுகசாமி தலையை நீட்டினார். முகத்தில் வியர்வை. "இங்கயா?"

"இங்கதானுங்க. ஆஃப் பண்ணுங்க."

அவர் சாலையைப் பார்த்தார். மொபெட்டில் நின்றவர்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார்.

வளைவு முழுக்க அமைதியாகிவிட்டது. டிரம்மின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க பொண்ணு எத்தனாவது படிக்குதுன்னு கேட்டனுங்க," என்றாள் பூவாத்தாள்.

"ஒம்பதுங்க. இந்த வருசம் பத்து," என்றாள் கலாமணி. "படிக்கறதெங்க, எந்நேரமும் போனுதான்." ஓஸ் நழுவாமல் இருக்க இன்னும் கொஞ்சம் நெருங்கி, டிரம்மை ஒட்டி நின்றுகொண்டாள்.